கூட்டலில் சேராத இருபத்தேழு

திங்கட்கிழமை முற்பகல். ஹைதராபாத் சைனிக்புரியில் எங்கள் வீட்டு மாடியறை. தெருவில் வெங்காய வண்டியின் ஒலிபெருக்கி ஒரே தெலுங்கு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனது. கீழே அம்மா மிளகாய் வறுத்ததில் எனக்குத் தொண்டை கமறியது. மடிக்கணினித் திரையின் கடைசி நெடுவரிசையில் ‘மீறல்’ என்ற சொல் பதினொரு முறை, ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றது.

முந்தைய நாள் எங்கள் தமிழ் மன்றத்தில் ஒரு வாசிப்புப் போட்டி நடந்திருந்தது. பதினொரு போட்டியாளர்கள், மூன்று நடுவர்கள். ஒரு நடுவர் ஒருவருக்கு அதிகபட்சம் முப்பது மதிப்பெண் தரலாம். அவற்றையெல்லாம் விரிதாளில், அதாவது ஸ்ப்ரெட்ஷீட்டில், ஏற்றிக் கூட்டி முடிவைச் சொன்னவள் நான். வெற்றி பெற்றவரை மேடையில் அறிவித்துமாகிவிட்டது.

சான்றிதழில் மொத்த மதிப்பெண்ணை அச்சிடுவது மன்றத்தின் வழக்கம். அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று ஓர் ஒப்பீட்டுச் சூத்திரம் எழுதினேன். கட்டத்தில் உள்ளது முப்பதைவிடப் பெரியதானால் ‘மீறல்’ என்று காட்டு, இல்லையானால் ‘சரி’ என்று காட்டு. அவ்வளவே.

முதல் இரண்டு நடுவர்களுக்கும் எல்லாம் சரி. மூன்றாமவருக்கு எல்லாமே மீறல்.

அவரோ யாருக்கும் முப்பதைத் தாண்டிக் கொடுக்கவில்லை. முதல் வரிசையில் அவர் கொடுத்திருந்தது ௨௧. இரண்டாவதில் ௨௭. இருபத்தொன்று எப்படி முப்பதைவிடப் பெரிதாகும்?

விளங்க அரை நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். எதற்காகச் சாத்தினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வெங்காய வண்டி அதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டிருந்தது.

ஓராண்டுக்கு ஒரு குரல்

அது நான் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த காலம்.

பார்வையற்ற மாணவர்களுக்காகக் கதைகளை ஒலிப்பதிவு செய்து அனுப்பும் ஒரு சிறு குழு, எங்கள் மன்றத்திடம் தமிழ்க் குரல் ஒன்று கேட்டிருந்தது. வாரம் ஒரு மணி நேரம், ஓராண்டு. நகரின் உப்பல் பகுதியில் ஒரு வீட்டின் பின்னறையைப் பதிவறையாக மாற்றி வைத்திருந்தார்கள். சுவரெல்லாம் பழைய மெத்தை, நடுவில் ஒரு நாற்காலி, ஒரு மைக். போட்டியின் முதற்பரிசு அந்த நாற்காலிதான். கோப்பை கிடையாது. இரண்டாம் இடத்துக்குக் கைதட்டல் மட்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது எளிய போட்டியாகத் தோன்றலாம். முன்பின் பாராத ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் உரக்க வாசிக்க வேண்டும். ஆனால் ஹைதராபாத்திலேயே வளர்ந்தவர்களில் பலர் வீட்டில் தமிழைக் கேட்டுவிட்டுத் தெலுங்கிலோ இந்தியிலோ பதில் சொல்பவர்கள். தமிழ்ப் பக்கம் ஒன்றைக் கையில் கொடுத்தால், வண்டி ஓட்டத் தெரிந்தவரிடம் படகைக் கொடுத்ததுபோல விழிப்பார்கள்.

ஹரிணி அப்படி விழிக்காதவள். பொறியியல் இறுதியாண்டு மாணவி. தந்தை ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்களுக்கு நான்கு வீடு தள்ளித்தான் குடியிருந்தார்கள். பள்ளியில் ஒரு நாளும் தமிழ் படித்ததில்லை. பதினேழு வயதில், தாயார் வாங்கும் வார இதழ்களை வைத்துக்கொண்டு தானாகவே எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டாள்.

பெனாசிர் மேலப்பாளையத்திலிருந்து வந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. கணவர் வளைகுடாவில். நான்கு வயது மகள் ஆயிஷா பக்கத்து வீட்டுக் குழந்தைகளோடு சேர்ந்து இந்திதான் பேசுவாள். போட்டிக்குப் பெயர் கொடுக்க வந்தபோது பெனாசிர் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது.

“ஆபீஸ்ல நாள் முழுக்க இங்கிலீஷு. வீட்டுக்கு வந்தா இவ இந்தி. நான் தமிழ் பேசுறது போன்ல மட்டும்தான், அதுவும் சிக்னல் இருந்தா. இது கிடைச்சா வாரத்துல ஒரு மணி நேரமாவது வாய் நெறயப் பேசுவேன்லா.”

முடிவு: ஹரிணி ஐம்பத்தொன்று, பெனாசிர் நாற்பத்தொன்பது. தொண்ணூறுக்கு. நடுவர்கள் மிகவும் கறாரானவர்கள் என்று நினைத்தேன். அதற்குமேல் எதுவும் நினைக்கவில்லை.

நினைக்க நேரமும் இல்லை என்று சொல்வது உண்மை. ஆனால் அது சமாதானம் ஆகாது. ஐந்து மணிக்கு அதே மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் விழா. மன்றச் செயலாளர் பத்மநாபன் என் மேசைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

“சாரு, ஆச்சாம்மா? பலூன்காரன் உள்ள வந்துட்டான்.”

“இரண்டு நிமிஷம் அங்கிள்.”

“அந்த ரெண்டு நிமிஷத்துல நம்ம பேனர் மேலயே ஹாப்பி பர்த்டே ஒட்டிருவான்.”

அறிவிப்பைக் கேட்டு பெனாசிரும் கைதட்டினாள். நாற்காலியில் தூங்கிப்போயிருந்த ஆயிஷாவைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு என் மேசையருகே வந்து, “ரெண்டு மார்க்குலயா போச்சு?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “இருபது மார்க்குல போயிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூலத்தில் உள்ளபடி

இலக்கியம் படிக்கும் பெண்ணுக்கும் விரிதாளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. நான் சூத்திரம் எழுதக் கற்றது ஒரு பழைய உரைநூலின் இரண்டு பிரதிகளை ஒப்பிடுவதற்காக. வரிக்கு வரி ஒரு பிரதி இடப்பக்கம், மற்றது வலப்பக்கம். நடுவில் இரண்டும் சமமா என்று கேட்கும் ஒரு சிறு சூத்திரம். சமமென்றால் ஆம், ஓர் எழுத்து பிசகினாலும் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் வரிகளில் ‘இல்லை’ என்று வந்த இடங்களை மட்டும் தேடிப் படித்தால் போதும். கண் வலிக்க இரண்டு மாதம் செய்ய வேண்டிய வேலை ஒரு வாரத்தில் முடிந்தது. அந்த வாரம் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வகுப்பில் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

பிரதிகளோடு வேலை செய்பவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படும் விதி ஒன்று உண்டு. எதிரே இருப்பதை உள்ளபடியே எழுது. தவறென்று தோன்றினாலும் திருத்தாதே. உன் கருத்தை அடிக்குறிப்பில் வைத்துக்கொள்.

இந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என் இயல்புக்கும் அது ஒத்துப்போனது. நான் எதையும் முந்திக்கொண்டு சொல்பவள் இல்லை.

இனி மூன்றாம் நடுவர். சேதுராமலிங்கம் பாலாநகர்த் தொழிற்சாலை ஒன்றில் மின்னணுப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். தமிழ் எண்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தே தீருவது என்று தன்னளவில் ஓர் இயக்கம் நடத்திக்கொண்டிருந்தார். அதில் உறுப்பினர் அவர் ஒருவரே. வீட்டு வாசல் கதவில் கதவிலக்கம் நாற்பத்தேழை ௪௭ என்று பித்தளையில் பொறித்திருப்பார். பொருள் கொண்டுவருகிறவர்கள் தெருமுனையில் நின்று தொலைபேசுவார்கள். “சார், இல்லு நம்பர் கனிபிஞ்சட்லேது” என்று, வீட்டு எண் தெரியவில்லை எனத் தெலுங்கில் சொன்னால், “கேட்டுமேலதானே எழுதியிருக்கு” என்று தமிழிலேயே பதில் சொல்வார்.

மதிப்பெண் தாளையும் அவர் தமிழ் எண்களில்தான் நிரப்பியிருந்தார். அழகான கையெழுத்து.

அந்த மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றும்போது ௨௭ என்பதை 27 என்று மாற்றியிருக்கலாம். எந்த எழுத்தரும் அதைத்தான் செய்திருப்பார். நான் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி, அந்த எண்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடிக் கண்டுபிடித்து, ௨, ௭ என்று மூலத்தில் உள்ளபடியே ஏற்றினேன். பலூன்காரர் காத்திருந்த அந்த அவசரத்திலும் அதைச் செய்தேன். பெருமையாகவும் இருந்தது.

பேசாமல் கடந்துபோகும் கூட்டல்

விரிதாளில் மூன்று கட்டங்களைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சமக்குறி போட்டு, கட்டங்களை ஒவ்வொன்றாகக் கூட்டல் குறியால் இணைப்பது: =C2+D2+E2. மற்றது, முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் சொல்லி இடையில் உள்ளவற்றையெல்லாம் கூட்டச் சொல்வது: =SUM(C2:E2). நான் இரண்டாவதை எழுதினேன். அது நேர்த்தியானது.

ஆனால் இரண்டுக்கும் குணவேறுபாடு உண்டு.

விரிதாளைப் பொறுத்தவரை ௨௭ எண் இல்லை. அது ஒரு சொல், ‘மாம்பழம்’ என்பதைப்போல. கூட்டல் குறியிடம் இரண்டு எண்களோடு ஒரு மாம்பழத்தையும் கொடுத்தால் அது உடனே மறுக்கும். பதில் வரவேண்டிய கட்டத்தில் பிழைச்செய்தி வந்து நிற்கும். யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. நேர்த்தியான இரண்டாவது சூத்திரமோ, வரிசையில் சொல் ஏதாவது இருந்தால் ஒரு வார்த்தையும் பேசாமல் அதை விட்டுவிட்டு, மற்றவற்றைக் கூட்டிப் பதிலைத் தந்துவிடும்.

ஒப்பிடும்போது இன்னும் வேடிக்கை. எந்தச் சொல்லும் எந்த எண்ணையும்விடப் பெரியது என்பது அதன் சட்டம். மாம்பழம் ஆயிரத்தைவிடப் பெரியது. ௨௧ முப்பதைவிடப் பெரியது. பதினொரு மீறல்களும் அப்படி வந்தவை.

ஆக, சேதுராமலிங்கம் கொடுத்த மதிப்பெண்கள் ஒன்றுகூடக் கணக்கில் சேரவில்லை. தொண்ணூறுக்கு நடந்த போட்டியை நான் அறுபதுக்கு நடத்தி முடித்திருந்தேன்.

அந்த நெடுவரிசை முழுவதையும் வழக்கமான எண்களாக மாற்றித் தட்டினேன். ஹரிணிக்கு 26, 25, 21. மொத்தம் எழுபத்திரண்டு. பெனாசிருக்கு 24, 25, 27. மொத்தம் எழுபத்தாறு. மற்ற ஒன்பது பேரில் யாரும் எழுபதைத் தொடவில்லை.

வேங்கடேசன் காரு

சான்றிதழ் என்றதும் ஒரு கிளைக்கதை.

பெயர்களை அச்சுக்கு ஆயத்தம் செய்ய இன்னொரு சூத்திரம் எழுதியிருந்தேன். ஒரு கட்டத்தில் பெயர், ஒரு கட்டத்தில் தந்தை பெயரின் முதலெழுத்து. இரண்டையும் இணைத்து ஒரே பெயராக்க வேண்டும். இடையில் ஓர் இணைப்புக்குறி போட்டால் போதும். ஆனால் நடுவே இடைவெளி வேண்டுமானால் அந்த இடைவெளியையும் மேற்கோள் குறிகளுக்குள் வைத்துத் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மகளும் தந்தையும் ஒட்டிக்கொள்வார்கள்.

எந்தக் கட்டம் முன்னால், எது பின்னால் என்பதிலும் இந்த ஊரில் சிக்கல் உண்டு. தெலுங்குக் குடும்பங்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும், ஆளின் பெயர் பின்னால். பல்கலைக்கழகப் படிவத்தில் நான் ‘சாருமதி வேங்கடேசன்’ என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலக எழுத்தர் சாருமதியைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, நூறு பேர் நிற்கும் கூடத்தில், “வேங்கடேசன் காரு! வேங்கடேசன் காரு!” என்று கூப்பிட்டார், காரு என்றால் ‘அவர்கள்’. நான் எழுந்து போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “மீ நான்னகாரு ராலேதா?” என்றார். அப்பா வரவில்லையா என்று.

நான் விளக்கியிருக்கலாம். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாண்டுகள் அந்த அலுவலகத்தில் நான் வேங்கடேசனாகவே இருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமையும் பேசாமல் இருந்துவிட எனக்குப் பயிற்சி போதுமான அளவு இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மைசூர்பாகு

பத்மநாபனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“அங்கிள், முடிவைத் தப்பா அறிவிச்சுட்டோம். பெனாசிர்தான் முதல். ஹரிணி இரண்டாவது. நாலு மார்க் வித்தியாசம்.”

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. பிறகு உருது கலந்த தன் ஹைதராபாத் தமிழில் தொடங்கினார்.

“ஹவ், சரி. தப்பு நடந்துச்சு. யார் யாருக்குத் தெரியும்?”

“எனக்கும் உங்களுக்கும்.”

“அப்ப அதோட நிறுத்திக்குவோம்மா. நக்கோ, விடு. போட்டோ எல்லாம் குரூப்ல போட்டாச்சு. ஹரிணி அப்பா காலனி பூரா மைசூர்பாகு குடுத்துட்டாரு. எனக்கு நாலு வந்துச்சு. தின்னும் ஆச்சு.”

“சான்றிதழ்ல மொத்தம் போடணுமே அங்கிள். எந்த மொத்தத்தைப் போடறது?”

“மொத்தமே போடாம அடிச்சா?”

“ஒவ்வொரு வருஷமும் போட்டிருக்கோம்.”

“கைக்குமா, எதுக்கு இந்த வம்பு உனக்கு?” பெருமூச்சு விட்டார். பிறகு குரலைத் தணித்தார். “சரி, மாத்தித்தான் ஆகணும்னா நானே குரூப்ல போட்டுடறேன். ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக முடிவில் ஒரு சிறு திருத்தம்.’ உன் பேரு எங்கயும் வராது. போதுமா?”

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்தும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மாடியிலிருந்து கீழே இறங்கிவரும்வரை பிடித்திருந்தது. அம்மாவிடம் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்து முடித்தபோது பிடிக்காமல் போயிற்று. தொழில்நுட்பத்தில் எந்தக் கோளாறும் இல்லை. விரிதாள் தன் சட்டப்படி நடந்திருந்தது. தட்டியது என் விரல்கள்.

சேதுராமலிங்கத்தின் வீடு இரண்டு தெரு தள்ளி. நடந்ததைக் கேட்டவுடன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“பதினோரு பேருக்கும் மூளையைக் கசக்கிப் போட்டேனேம்மா. எங்க போச்சு என் மார்க்கு?”

“எங்கயும் போகலை சார். கட்டத்துலயே இருக்கு. கூட்டல்ல சேரலை.”

“அதாவது நான் வந்து உக்காந்திருக்கேன், ஆனா ரிஜிஸ்டர்ல ஆப்சென்ட்.”

“தப்பு உங்க மேல இல்லை சார். நான்தான் மாத்திப் போட்டிருக்கணும்.”

“மாத்தாம போட்டியே, அதுக்கு உனக்கு நன்றி சொல்றதா, திட்டறதா?” கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். “ஆமா, முப்பதை விடப் பெருசுன்னு சொல்லுச்சுன்னியே, எதை?”

“நீங்க எழுதினதை. எழுத்து எதுவா இருந்தாலும் எண்ணை விடப் பெருசு அதுக்கு.”

“அந்த ஒரு விஷயத்துல அது சரியாத்தான் இருக்கு” என்றார். பிறகு, “அந்தப் பொண்ணு பெனாசிர் எப்படி வாசிச்சா தெரியுமா? ஒரு இடத்துல நிறுத்தினா பாரு, நான் பேனாவைக் கீழ வச்சுட்டேன். போ, போய்ச் சொல்லு” என்றார்.

ஸ்கூட்டியின் இருக்கையில் ஒரு கணக்கு

முதலில் சொல்ல வேண்டியது ஹரிணியிடம் என்று முடிவு செய்தேன். கிடைத்ததை இழக்கப்போகிறவளுக்கு அதை ஊருக்கு முன்னால் அறியும் உரிமை இருந்தது.

வாசலில் ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா! சர்டிபிகேட்டா?”

“இல்லை. ஒரு விஷயம் சொல்லணும்.”

“அய்யோ, மூஞ்சியப் பாத்தா யாரோ போயிட்ட மாதிரி இருக்கு.”

சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரே இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

“காட்டுங்க” என்றாள்.

மடிக்கணினியை ஸ்கூட்டியின் இருக்கைமேல் வைத்துத் திறந்தேன். அவள் என் மொத்தத்தை அழித்தாள். சமக்குறி போட்டு, மூன்று கட்டங்களையும் கூட்டல் குறியால் தானே இணைத்தாள். எழுபத்திரண்டு. அடுத்த வரிசையில் அதையே செய்தாள். எழுபத்தாறு. அதை அழித்துவிட்டு மறுபடியும் செய்தாள். மறுபடியும் எழுபத்தாறுதான்.

“சேது அங்கிள் எனக்கு ட்வென்ட்டி ஒன்தானா? டூ மச்க்கா.”

அவளே மடிக்கணினியை மூடினாள்.

“போட்டோ நாலு குரூப்ல ஓடிட்டிருக்கு. கோயமுத்தூர்லருந்து சித்தி அழுதுட்டே வாய்ஸ் நோட் போட்டாங்க. தமிழே தெரியாத பொண்ணு தமிழ்ல ஜெயிச்சுட்டான்னு. அதெல்லாம் எப்படி ரிட்டர்ன் பண்றது?”



துணியைக் கைப்பிடிமேல் போட்டாள். கண்கள் சிவந்திருந்தன, அழவில்லை.

“பத்மநாபன் அங்கிள் என்ன சொல்றாரு?”

“தொழில்நுட்பக் கோளாறுன்னு குரூப்ல ஒரு செய்தி போட்டுடலாம்னு.”

“நக்கோ, வேண்டாம்!” குரல் உயர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து அவள் தாயார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். “அப்படிப் போட்டா என்ன நெனப்பாங்க? நானும் டாடியும் ஏதோ செட்டிங் பண்ணி மாட்டிக்கிட்டோம்னு நெனப்பாங்க. நான் செகண்ட்னா செகண்ட், ஓகே. ஆனா சீட்டிங்னு ஒருத்தர் சொல்லக்கூடாது. நீங்க மைக்ல சொல்லணும். நீங்கதான் டைப் பண்ணீங்க, எப்படித் தப்பாச்சுன்னு, எல்லார் முன்னாடியும்.”

“சொல்றேன்.”

“நீங்களா? மைக்லயா?” அப்போதுதான் அவள் முகத்தில் ஒரு சிரிப்பின் ஓரம் தெரிந்தது. “ஸ்கூல்ல அட்டெண்டன்சுக்கே வாயத் திறக்காம கை மட்டும் தூக்குவீங்கன்னு எங்கம்மா சொல்வாங்க.”

“அது உண்மைதான். இதையும் சொல்றேன்.”

பெனாசிரை மதிய உணவு நேரத்தில் அழைத்தேன். பின்னணியில் தட்டுகளின் ஒலி, யாரோ ஆங்கிலத்தில் சிரிக்கும் சத்தம். கேட்டுவிட்டு அவள் வெளியே நடந்து வந்தாள் போலும், ஒலிகள் அடங்கின.

“அந்தப் பிள்ளைட்ட சொல்லியாச்சா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னா?”

“இரண்டு தடவை கூட்டிப் பார்த்தா. சரின்னுட்டா.”

“நான் ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லுங்க. அன்னைக்கு என் மூஞ்சி வாடிப்போச்சேன்னு இரக்கப்பட்டுத் தாறீங்களா, இல்ல கணக்குப்படியா?”

“கணக்குப்படி. இருபத்துநாலு, இருபத்தஞ்சு, இருபத்தேழு. எழுபத்தாறு.”

மனத்துக்குள் அவளும் கூட்டுவது எனக்குக் கேட்டது போலிருந்தது.

“அப்ப வாறேன்” என்றாள்.

நான்கு வாக்கியங்கள்

ஒலிப்பதிவு தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, மன்றத்தின் மாதக் கூட்டம். எழுபது எண்பது பேர் இருந்தார்கள். பத்மநாபன் மைக்கை என்னிடம் கொடுக்கும்போதுகூட, “சுருக்கமா முடிச்சிரும்மா” என்று காதோடு சொன்னார்.

நான் நான்கு வாக்கியங்கள் எழுதி வைத்திருந்தேன். தாளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“சென்ற வாரம் அறிவித்த முடிவு தவறு. மூன்றாம் நடுவரின் மதிப்பெண்களை விரிதாளால் எண்களாகக் கொள்ள முடியாத வடிவில் நான் ஏற்றியதால், அவை மொத்தத்தில் சேரவில்லை. இதில் நடுவர்களுக்கோ போட்டியாளர்களுக்கோ இயந்திரத்துக்கோ எந்தப் பங்கும் இல்லை. சரியான மொத்தம், பெனாசிர் எழுபத்தாறு, ஹரிணி எழுபத்திரண்டு.”

குரல் நடுங்கவில்லை. நடுங்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஒரு தகவலைச் சரியாகச் சொல்லும்போது குரலுக்கு வேறு வேலை எதுவும் இருப்பதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பின்வரிசையில் சலசலப்பு. “யாரு ஏத்துனது?” என்று ஒருவர் கேட்டார். “நான்தான்” என்று மைக்கிலேயே சொன்னேன். “பேரு?” “சாருமதி.” இன்னொருவர், “இனிமே பேப்பர்ல கூட்டுங்கம்மா” என்றார். “இரண்டிலும் கூட்டுகிறேன்” என்றேன். சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை, ஹரிணியின் தந்தை அவர்களில் ஒருவர். கைகளைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் என்னோடு மறுபடி பேச நாலைந்து மாதங்கள் ஆயின.

ஹரிணி எழுந்து போய், மூன்றாம் வரிசையில் இருந்த பெனாசிரின் தோளைத் தட்டினாள். “ஆப்பா, போங்கக்கா. மேல போய்ப் படிங்க. நானும் கேக்கறேன், அந்த ட்வென்ட்டி செவன் எப்படி இருக்குன்னு.”

கூடம் முழுவதும் சிரித்தது. பெனாசிர் மேடையேறினாள். பத்மநாபன் கையில் கிடைத்த ஒரு பத்திரிகையைப் பிரித்து அவளிடம் நீட்டினார். ஏதோ ஒரு பக்கம். மழைக்காலத்தில் ஓர் ஊரின் பேருந்து நிலையத்தைப் பற்றியது. அவள் முதல் வரியைத் தொடங்கினாள். படபடப்பில் குரல் உள்ளேயே நின்றது. மைக் இருந்தும் முன்வரிசையைத் தாண்டவில்லை.

அப்போது மூன்றாம் வரிசையின் முதல் நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்த ஆயிஷா இந்தியில் கத்தினாள்.

“உம்மா! ஜோர் ஸே!”

பெனாசிர் நிறுத்தினாள். பத்திரிகைக்கு மேலாக மகளைப் பார்த்தாள்.

“தமிழ்ல சொல்லு. சொன்னாத்தான் வாசிப்பேன்.”

ஆயிஷா கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். எண்பது பேர் காத்திருந்தார்கள். இறுக்கி மூடிய வாயோடு அவள் நெடுநேரம் யோசித்தாள். பிறகு நாற்காலிமேல் ஏறி நின்று, மண்டபத்துக்கு வெளியேயும் கேட்கும்படி சொன்னாள்.

“சத்தமா!”

பெனாசிர் முதல் வரியிலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.